பதிவேட்டில் நான் எழுதிய ஒரு தேதி



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். நம் நாட்டுக் குடிமைப் பணித் தேர்வின் வரலாற்றைப் பற்றி, அதிலும் குறிப்பாக அதன் வயது வரம்பைப் பற்றி எழுதப் போகிறேன். ஆனால் என்னுடைய ஒரு தவறிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

1984 ஜூன் மாதம். வானம் பார்த்த பூமியில் ஒரு சின்னக் கிராமம். ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியர் விடுப்பில் இருந்ததால் சேர்க்கையை நான்தான் பார்த்தேன். ஓர் அம்மா பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பிறப்புச் சான்றிதழ் எதுவும் கிடையாது.

"எப்பம்மா பொறந்தான்?"

"தீபாவளிக்குப் பத்து நாளைக்கு முந்தி சார். வர்ற தீபாவளிக்கு அஞ்சு முடியுது."

அந்தக் காலத்துச் சோதனை உங்களுக்குத் தெரியும். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். பையன் தொட்டுவிட்டான். ஆனால் விதிப்படி ஐந்து முடிந்திருக்க வேண்டும். திருப்பி அனுப்பினால் ஒரு வருஷம் அம்மாவோடு காட்டில் களையெடுப்பு நடக்கும் இடத்தில் திரிவான். அடுத்த வருஷம் வருவான் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. நான் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து 25.5.1979 என்று எழுதினேன். அவன் உண்மையில் பிறந்தது அந்த வருஷம் அக்டோபரில்.

நல்ல மனசோடுதான் எழுதினேன். என்னைப் போல எத்தனையோ ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். என் சான்றிதழில் இருக்கும் ஜூன் 1-கூட என் ஆசிரியர் போட்டதுதான். நான் மாசியில் பிறந்தவன் என்று அம்மா சொல்வார்.

முப்பது வருஷம் கழித்து அந்தப் பையனை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். நன்றாகப் படித்தவன். குடிமைப் பணித் தேர்வைப் பல தடவை எழுதியிருக்கிறான். 2011-ல் மெயின் தேர்வு வரை போய், நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வராமல் நின்றுவிட்டான். "அப்புறம் ஏம்ப்பா எழுதலை?" என்று கேட்டேன்.

"வயசு தாண்டிருச்சு சார்" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

அப்போது பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு உச்ச வயது 33. தேர்வு நடக்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1 அன்று 33 முடிந்திருக்கக் கூடாது. 2012 ஆகஸ்ட் 1 அன்று என் பதிவேட்டுப்படி அவனுக்கு 33 முடிந்து இரண்டு மாதம். அவன் அம்மா கணக்குப்படி 33 முடிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி. 2014-ல் அரசு இரண்டு வாய்ப்புகளைக் கூட்டி, அதற்கேற்ப வயதையும் இரண்டு ஆண்டு உயர்த்தியது. வரம்பு 35 ஆனது. அப்போதும் அதே கதை. என் கணக்கில் 35 முடிந்துவிட்டது, அம்மா கணக்கில் முடியவில்லை.

அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தத் தேதியை எழுதியது நான்தான் என்று அவனுக்குத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே போன்ற ஒரு கதையை வரலாற்று வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். அது என் கையாலேயே ஒருவனுக்கு நடந்திருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் உயர் பதவிகளுக்குத் தேர்வு கிடையாது. கம்பெனி இயக்குநர்கள் தங்கள் உறவுக்காரப் பையன்களையும் வேண்டியவர் வீட்டுப் பையன்களையும் நியமிப்பார்கள். 1806-ல் தொடங்கி 1858-ல் மூடப்பட்ட ஹெய்லிபரி கல்லூரியில் அவர்களுக்குப் பயிற்சி. பணியில் சேரும்போது ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுவார்கள். அதனால்தான் அதற்கு 'கோவனன்டட் சர்வீஸ்' என்று பெயர்.

1833 பட்டயச் சட்டம் ஒரு பெரிய வாக்குறுதி கொடுத்தது. மதம், பிறந்த இடம், வம்சம், நிறம் ஆகியவற்றைக் காரணம் காட்டி எந்த இந்தியருக்கும் கம்பெனிப் பதவி மறுக்கப்படாது என்றது. 1853 சட்டம் இயக்குநர்களின் நியமன உரிமையை எடுத்துவிட்டது. மெக்காலே தலைமையிலான குழு 1854-ல் அறிக்கை தந்தது. 1855-ல் முதல் போட்டித் தேர்வு லண்டனில் நடந்தது.

கதவு திறந்துவிட்டது என்றுதானே நினைப்போம்? சட்டத்தில் திறந்தது. விதிகளில் எப்படி இருந்தது என்று பாருங்கள்.

தேர்வு லண்டனில் மட்டும்தான். கடல் கடந்து போக வேண்டும். அதற்குப் பணமும் வேண்டும், சாதியிலிருந்து தள்ளிவைத்தால் தாங்கும் தைரியமும் வேண்டும். மெக்காலே குழு வகுத்த மதிப்பெண் திட்டத்தில் கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. எந்தப் பையனை மனதில் வைத்துப் போட்ட திட்டம் என்று விளக்கவே வேண்டாம்.

அப்படியும் 1863-ல் ஓர் இந்தியர் தேறினார். ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் சத்தியேந்திரநாத் தாகூர். அடுத்த ஆண்டு பம்பாய் மாகாணத்தில் பணியில் சேர்ந்தார்.

உச்ச வயதையும் கவனியுங்கள். 1859-ல் 23. 1860-ல் 22. 1866-ல் 21. ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைகிறது. இதில் நிறம் பற்றியோ மதம் பற்றியோ ஒரு சொல்கூட இல்லை. வெறும் எண்தான்.

இப்போது அந்த முக்கியமான ஆண்டுக்கு வருவோம். 1869-ல் நான்கு இந்தியர்கள் ஒரே நேரத்தில் தேறினார்கள். ரமேஷ் சந்திர தத், பிஹாரி லால் குப்தா, சுரேந்திரநாத் பானர்ஜி, ஸ்ரீபாத் பாபாஜி தாக்கூர். முதல் மூவரும் வங்காளத்திலிருந்து ஒன்றாகக் கப்பலேறியவர்கள்.

தேர்வு முடிவு வந்த பிறகு பானர்ஜிக்கும் தாக்கூருக்கும் ஒரு சிக்கல் வந்தது. வயது.

பானர்ஜி பிறந்தது 1848 நவம்பர் 10. 1863 கடைசியில் கல்கத்தா பல்கலைக்கழக மெட்ரிகுலேஷனுக்குப் போகும்போது அவர் வயது 16 என்று பதிவாகியிருந்தது. நம் ஊரில் பாட்டிமார் வயது சொல்வது எப்படி? "பதினைஞ்சு முடிஞ்சு பதினாறு நடக்குது" என்பார்கள். யாராவது சுருக்கமாகக் கேட்டால் பதினாறு என்று சொல்லிவிடுவார்கள். வங்காளத்திலும் அதே வழக்கம்தான். ஆங்கிலேயர் முடிந்த வயதை மட்டுமே எண்ணுவார்கள். 1863-ல் 16 முடிந்தவர் என்றால் 1869 தேர்வில் அவர் 21-ஐத் தாண்டியவர் ஆகிறார். உண்மையில் அவருக்கு 20-தான் முடிந்திருந்தது.

தேர்வில் ஜெயித்தவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. லண்டனில் குயின்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்துக்குப் போனார். இந்தியர்கள் வயதை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதற்கு இங்கிருந்து சான்றுகள் போயின. நீதிமன்றம் தேர்வாணையரிடம் விளக்கம் கேட்டதும், அவர்கள் இருவர் பெயரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டராக இருந்த அவர் தந்தை, மகன் அதிகாரியாகத் திரும்பி வருவதைப் பார்க்கவில்லை. பானர்ஜி லண்டனில் இருந்தபோதே காலமாகிவிட்டார்.

1871-ல் சில்ஹெட்டில் உதவி மாஜிஸ்திரேட்டாகச் சேர்ந்தார். மூன்றே வருஷம். ஒரு வழக்கின் நீதிமன்றப் பதிவில் நேர்ந்த தவறைக் காட்டி 1874-ல் பணிநீக்கம் செய்தார்கள். மேல்முறையீட்டுக்கு மறுபடியும் லண்டன் போனார். பலிக்கவில்லை. பாரிஸ்டர் ஆகவும் விடவில்லை.

ஊர் திரும்பியவருக்கு ஈஸ்வர சந்திர வித்யாசாகர் தன் கல்லூரியில் ஆங்கில ஆசிரியர் வேலை கொடுத்தார். இந்த இடத்தை வகுப்பில் நடத்தும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் பெருமையாக இருக்கும். அரசாங்கம் வேண்டாம் என்று தள்ளியவரை நம் தொழில்தான் ஏற்றுக்கொண்டது.

1876-ல் அவரும் நண்பர்களும் இந்தியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு இந்தியா அமைச்சர் சாலிஸ்பரி பிரபு இன்னொரு முடிவை எடுத்தார். உச்ச வயது 21-லிருந்து 19 ஆகக் குறைக்கப்படும். 1878-ல் அது நடைமுறைக்கு வந்தது.

19 என்றால் என்ன அர்த்தம்? ஆங்கிலேயப் பையன் பள்ளி முடித்த கையோடு உள்ளூரிலேயே தேர்வெழுதுவான். நம் பையன் பதினாறு, பதினேழு வயதில் கப்பலேறி, அந்நிய ஊரில் தங்கி, அந்நிய மொழியில் அவர்களுடைய பாடத்தைப் படித்து, 19 முடிவதற்குள் ஜெயிக்க வேண்டும். எந்த அப்பா அந்த வயதுப் பையனைத் தனியாக அனுப்புவார்? 1833 சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. இரண்டு வயதைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

வயது விதியால் ஒரு தடவை அடிபட்ட மனிதர்தான் இதன் சூட்சுமத்தை முதலில் நாட்டுக்கு எடுத்துச் சொன்னார். 1877 மார்ச்சில் கல்கத்தா டவுன் ஹாலில் பெரிய கூட்டம் நடந்தது. பிறகு பானர்ஜி ரயிலேறினார். ஆக்ரா, டெல்லி, லாகூர், அமிர்தசரஸ், அலகாபாத், லக்னோ, காசி என்று ஊர் ஊராகப் பேசினார். அடுத்து பம்பாய், மதராஸ் மாகாணங்களுக்கும் வந்தார். வங்காளியும் பஞ்சாபியும் மராத்தியரும் தமிழரும் ஒரே கோரிக்கைக்காகப் பேசத் தொடங்கியது இந்த வயது வரம்பை முன்னிட்டுத்தான் என்றால் நம்புவீர்களா? காங்கிரஸ் பிறப்பதற்கு எட்டு வருஷம் முந்தைய கதை இது.

1879-ல் லிட்டன் பிரபு ஒரு சமாதானம் செய்தார். உயர் பதவிகளில் ஆறில் ஒரு பங்கு வரை நல்ல குடும்பத்து இந்தியர்களை நியமிக்கலாம் என்றார். தேர்வில் ஜெயிக்க விடமாட்டோம், நாங்களாகப் பார்த்துக் கொடுக்கிறோம் என்ற பாணி. அது சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

1885 டிசம்பரில் பம்பாயில் முதல் காங்கிரஸ் கூடியது. 72 பிரதிநிதிகள். முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் 'இந்து' பத்திரிகையின் ஜி. சுப்பிரமணிய ஐயர். அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். அந்தக் கூட்டத்தின் தீர்மானங்களில் ஒன்று, தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும், உச்ச வயதைக் குறைந்தது 23 ஆக்க வேண்டும் என்பது.

அடுத்த ஆண்டு அமைக்கப்பட்ட எய்ச்சிசன் ஆணையம் வயதை உயர்த்தச் சொன்னது. 1892-ல் வரம்பு மறுபடியும் 23 ஆனது. ஆனால் தேர்வை இங்கே கொண்டுவருவது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை. 1893-ல் பிரிட்டிஷ் மக்கள் சபையே இரு நாட்டிலும் தேர்வு வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இந்தியாவில் மாகாண அரசுகளின் கருத்தைக் கேட்டபோது ஆதரித்தது மதராஸ் அரசு மட்டும்தான். தீர்மானம் கிடப்பில் போனது. கடைசியில் 1922-ல்தான் அலகாபாத்தில் முதல் தேர்வு நடந்தது. முதல் தேர்வு லண்டனில் நடந்து 67 வருஷம் கழித்து.

1926 அக்டோபர் 1 அன்று மத்தியில் தேர்வாணையம் அமைந்தது. மாகாணங்களில் முதன்முதலாகத் தேர்வாணையம் கண்டது நம் மதராஸ் மாகாணம், 1929-ல். சுதந்திரத்துக்குச் சற்று முன், 1946-ல், மாகாண முதல்வர்களின் மாநாட்டில் ஐ.சி.எஸ். இடத்தில் ஐ.ஏ.எஸ். வருவதென்று சர்தார் படேல் முடிவெடுக்க வைத்தார். அரசியலமைப்பின் 312-வது பிரிவு அகில இந்தியப் பணிகளுக்கு அடித்தளம். 1951-ல் அகில இந்தியப் பணிகள் சட்டம் வந்தது.

சுதந்திர இந்தியா அந்தப் பழைய வயது விதியை என்ன செய்தது தெரியுமா? தூக்கி எறியவில்லை. திருப்பிப் போட்டது. வெளியே நிறுத்தப் பயன்பட்ட விதியை உள்ளே கூப்பிடப் பயன்படுத்தியது. இன்று பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது 32. பிற்படுத்தப்பட்டோருக்கு 35. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 37. முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவன் நேர்கோட்டில் வருவதில்லை. நடுவில் ஒரு வருஷம் வேலைக்குப் போவான், தங்கைக்குக் கல்யாணம் முடிப்பான், அப்புறம்தான் புத்தகத்தைத் தொடுவான். அந்த வருஷங்களை விதி அவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மொழியும் அப்படித்தான். கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979-லிருந்து எட்டாவது அட்டவணை மொழிகளில் மெயின் தேர்வை எழுத முடிந்தது. தமிழிலும்தான்.

வயதைக் குறைக்க வேண்டும் என்ற குரல் இப்போதும் இருக்கிறது. 2018-ல் நிதி ஆயோக் பொதுப் பிரிவுக்கு 27 ஆகக் குறைக்கலாம் என்றது. அரசு அப்படிச் செய்யவில்லை. அந்தத் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பத்து வருஷம் அறைக்குள் அடைந்து படித்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பும் பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் யாராவது வெறும் எண்ணைக் குறைப்பதாகச் சொன்னால் எனக்கு 1878 ஞாபகம் வந்துவிடும். அந்த எண் யாரை வெளியே நிறுத்தும் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

இப்போது என் மாணவன் கதைக்கு வருகிறேன். பானர்ஜி மாதிரி அவனும் உண்மையான தேதியை நிரூபித்திருக்கலாமே என்று கேட்பீர்கள்.

முடியாது. தேர்வாணைய விதி தெளிவாக இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதிதான் செல்லும். ஜாதகம், உறுதிமொழிப் பத்திரம், நகராட்சிப் பதிவு எதையும் ஏற்க மாட்டார்கள். ஒரு தடவை கொடுத்த தேதியைப் பிறகு மாற்றவும் விடமாட்டார்கள். வேலையில் சேர்ந்த பிறகும் இதே கண்டிப்புதான். மத்திய அரசு ஊழியர் தேதியைத் திருத்தக் கேட்பதானால் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் கேட்க வேண்டும். ஓய்வு நெருங்கும்போது தேதியை மாற்றக் கேட்டு வருவதை ஏற்க முடியாது என்று 1993-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

விதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆளுக்கொரு ஜாதகம் கொண்டுவந்தால் ஆணையம் என்ன செய்யும்? எங்காவது ஓர் இடத்தில் தேதி உறுதியாக நிற்க வேண்டும். அந்த இடம் பள்ளிக்கூடம் என்று அரசு நம்பியது. அந்த நம்பிக்கைக்குக் கீழே பேனாவோடு உட்கார்ந்திருந்தது நான்.

அவன் இப்போது தமிழ்நாடு தேர்வாணையம் மூலம் மாநில அரசுத் துறை ஒன்றில் நல்ல பொறுப்பில் இருக்கிறான். 60 வயதில் ஓய்வு என்ற இன்றைய கணக்குப்படி 2039 மே 31 அன்று வீட்டுக்குப் போவான். உண்மைத் தேதி இருந்தால் அக்டோபர் வரை இருந்திருப்பான். நான் எழுதிய அந்த ஒரு வரி அவனை நுழைவாயிலிலும் தடுத்தது, வெளியேறும் வழியிலும் ஐந்து மாதம் முன்னதாகவே தள்ளப் போகிறது.

போன மாதம் அவனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். "அந்தத் தேதி நான் எழுதினதுப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான், "அன்னைக்கு நீங்க எழுதலைன்னா நான் பள்ளிக்கூடமே வந்திருக்க மாட்டேன் சார். எங்க அண்ணன் வரலையே." அவனுக்கு ஓர் அண்ணன் இருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

அது பெருந்தன்மை. கணக்கு நேராகிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து அரசு வேலை வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆனால் அதற்கு முன் பிறந்த பிள்ளைகள்தான் இன்று பள்ளிகளில் நிறைந்திருக்கிறார்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிறப்புச் சான்றிதழையும் பள்ளிப் பதிவையும் இன்றே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துத் திருத்துங்கள். அதற்குப் பிறகு படாத பாடு படவேண்டியிருக்கும்.

இன்று பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. சேர்க்கைப் பதிவேட்டில் எழுதும்போது அவசரப்படாதீர்கள். எதிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கும் குழந்தைக்கு அந்தத் தேதிதான் கடைசி வரை கூட வரும்.

உங்கள் சான்றிதழிலும் இப்படி ஆசிரியர் போட்ட தேதி இருக்கிறதா? அதனால் நன்மையோ கெடுதலோ நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். நான் எல்லாவற்றையும் படிப்பேன்.